விசிறிக்காரரும் தாய்ப்பாட்டிலும்

அவர் எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதல் வேலையாக ஜன்னலைத் திறப்பார். உட்காருவது, பேசுவது, தண்ணீர் குடிப்பது எல்லாம் அதற்குப் பிறகுதான். மழைச்சாரல் உள்ளே அடிக்கட்டும், குளிரில் பற்கள் கிட்டிக்கட்டும், அவருக்கு அக்கறை இல்லை. அவர் திறந்துகொண்டே முன்னால் போக, அவர் மனைவி சாத்திக்கொண்டே பின்னால் வருவார். அவர்கள் வீட்டுச் சண்டைகளில் பாதி ஜன்னலைப் பற்றியவை. மிச்சப் பாதி கதவைப் பற்றியவை.

அந்த வட்டாரத்தில் அவருக்கு விசிறிக்காரர் என்று பெயர். கையில் பிடிக்கும் விசிறி இல்லை. சுரங்கத்தின் வாயில் ஓர் ஆள் உயரத்துக்கும் மேலே சுழன்றுகொண்டிருந்த இரும்பு விசிறி. அது நின்றால் கீழே இருப்பவர்களுக்கு மூச்சு நின்ற மாதிரி. அதைப் பார்த்துக்கொள்வதும், சுரங்கத்துக்குள் காற்று போகிற வழியெங்கும் கதவு வைப்பதும், திரை கட்டுவதும், மூலை முடுக்கில் கருவியை நீட்டி வாயு இருக்கிறதா என்று பார்ப்பதும்தான் அவருடைய வேலை. நிலக்கரி இருக்கிற இடத்தில் மீத்தேன் இருக்கும். அதற்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது, சொல்லிக்கொண்டு வருகிற பழக்கமும் கிடையாது. அது தங்கினால் ஆபத்து, ஒரு பொறி பட்டாலே வெடிக்கும். காற்றை விட்டு அதைத் துரத்திக்கொண்டே இருக்க வேண்டும். தன் வயதில் பெரும்பங்கை அவர் அப்படித் துரத்தியே செலவழித்தார்.

ஷிப்ட் முடிந்து ஆட்கள் மேலே வரும்போது மற்றவர்கள் குளிக்க ஓடுவார்கள். விசிறிக்காரர் மட்டும் ஆட்களை ஏற்றிவரும் கூண்டு வந்து நிற்கும் இடத்திலேயே நிற்பார். கடைசிக் கூண்டில் கடைசி ஆள் வந்து இறங்கிய பிறகுதான் கிளம்புவார். வீட்டு வாசலில் நின்றபடியே மனைவியிடம், "எல்லாரும் மேலே வந்தாச்சு" என்பார். "அப்ப கை கழுவிட்டு வாங்க" என்று உள்ளேயிருந்து பதில் வரும். அதற்குப் பிறகுதான் தட்டு வைக்கப்படும். அன்றாடம் அவர்கள் பேசிக்கொண்டது இவ்வளவுதான் என்றாலும், அந்தக் குடும்பம் அந்த இரண்டு வரியில்தான் நடந்தது.

ஒரே ஒரு நாள் அவர் வாசலில் வந்து நின்று எதுவும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் அன்று மேலே வரவில்லை. சுரங்கப் பாதையின் கூரையில் இருந்த ஒரு பொந்தில் வாயு தங்கியிருந்தது. அந்தப் பொந்து விசிறிக்காரருடைய பகுதியே இல்லை, யாரும் அவரைக் குறை சொல்லவும் இல்லை. ஆனால் ஜன்னல் பைத்தியம் அவருக்குப் பிடித்தது அதற்கப்புறம்தான். அது மனைவிக்கும் தெரியும். அதனால்தான் திட்டிக்கொண்டே சாத்தினாரே தவிர, ஏன் திறக்கிறீர்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

பிறகு சுரங்கத்தையே மூடிவிட்டார்கள். விசிறி நின்றது. தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்த பம்புகளும் நின்றன. கீழே இருந்த பாதைகள் ஒவ்வொன்றாக முழுகின. வேலையில்லாத விசிறிக்காரர் வீட்டில் உட்கார்ந்து, காற்றோட்டம் தேவைப்படாத இடங்களுக்கெல்லாம் காற்றோட்டம் கொடுத்துக்கொண்டிருந்தார். அலமாரிக் கதவைக்கூட விட்டுவைக்கவில்லை.

இந்த நேரத்தில்தான் மருமகளுக்கு வேலை கிடைத்தது. மகன் கப்பலில் வேலை பார்ப்பவன், பாதி நாள் கடலில். மருமகள் நுண்ணுயிர்களைப் பற்றிப் படித்தவள். சுரங்கத்தின் பழைய விளக்கறையை, அதாவது தொழிலாளர்கள் இறங்கும்போது தலை விளக்கு வாங்கிக்கொள்ளும் கட்டடத்தை, ஓர் ஆய்வகமாக மாற்றியிருந்தார்கள். அங்கேதான் வேலை. மாமனாருக்கு ஒரே பெருமை. என்ன வேலை என்று தெரியும்வரை.

"கீழே நிலக்கரியில ஊறிக் கிடக்கிற தண்ணியில கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன உயிருங்க இருக்கு மாமா" என்று சாப்பிடும்போது விளக்கினாள். "கூட்டுக் குடும்பம் மாதிரி. ஒரு கூட்டம் நிலக்கரியைக் கொறிக்கும். அதுங்க விட்ட மிச்சத்தை இன்னொரு கூட்டம் எடுத்துக்கும். நாம கரியமில வாயுவை உள்ளே விட்டா, அந்த இரண்டாவது கூட்டம் அதையும் சேர்த்துச் சாப்பிட்டு மீத்தேனா விடும். புகைபோக்கியில வீணா மேலே போற வாயு கீழே போயிடும், அடுப்பெரிக்கிற வாயு மேலே வந்துடும்."

விசிறிக்காரரின் கை வாய்க்கும் தட்டுக்கும் நடுவில் நின்றது.

"மீத்தேனை வளர்க்கிறியா?"

"ஆமா மாமா."

"நான் காலம் பூரா அடிச்சு விரட்டினதை நீ சோறு போட்டு வளர்க்கிறே?"

"சோறு இல்ல மாமா, கரியமில வாயு" என்றாள் மருமகள். அத்தைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நல்ல குடும்பம்! மாமனார் விரட்டுவாராம், மருமக கூப்பிடுவாளாம். அந்த வாயு பாவம், எந்தப் பக்கம் போகும்?"

"ஒண்ணு சொல்றேன் மாமா" என்றாள் அவள், சிரிப்பு அடங்கியபின். "இது மட்டும் சரியா வந்துட்டா, நிலக்கரிக்காக யாரும் கீழே இறங்க வேண்டாம். மேலேயிருந்து ஒரு குழாய் போதும்."

விசிறிக்காரர் தட்டைத் தள்ளிவைத்தார். எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தார்.

ஆய்வகத்தில் எத்தனையோ பாட்டில்கள் இருந்தாலும் எல்லாவற்றுக்கும் மூலம் ஒன்றுதான். அதைத் தாய்ப்பாட்டில் என்றார்கள். சுரங்கம் முழுகுவதற்கு முன்னால், மிக ஆழத்திலிருந்த நிலக்கரி அடுக்கிலிருந்து எடுத்த தண்ணீரும், அடியில் நாலைந்து நிலக்கரித் துண்டுகளும். அதிலிருந்து பிரித்து ஊற்றிய குட்டிப் பாட்டில்கள் கொஞ்ச நாள் வாயு விட்டுவிட்டுச் சோர்ந்துபோயின. தாய் மட்டும் தளராமல் இருந்தது. அந்த அடுக்கு இப்போது தண்ணீருக்கும் சேற்றுக்கும் அடியில். மறுபடி போய் மொண்டுவர முடியாது. நிலத்தடியில் குழாய் இறக்கிப் பார்க்க அனுமதி கொடுப்பதற்கு மேலிடத்திலிருந்து ஒரு குழு வரப்போகிறது, வந்து பார்க்கப்போவது அந்தத் தாய்ப்பாட்டிலைத்தான். அந்தக் கூட்டுக் குடும்பத்தில் மீத்தேன் விடுகிற கூட்டத்துக்கு ஒரே ஒரு எதிரி உண்டு. காற்று. காற்று பட்டால் அவை செத்துப்போகும். அதனால் பாட்டிலை ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் காற்றே படாமல் வைத்திருந்தார்கள். பெட்டியின் முகப்பில் நீளமான இரண்டு கையுறைகள் பொருத்தியிருக்கும். வெளியே நின்று அதற்குள் கையை நுழைத்துத்தான் உள்ளே வேலை பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் மருமகள் வீட்டில் சொல்லாமல் இல்லை. சாப்பாட்டு நேரத்தில் சொன்னதால் பாதியை மாமனார் காதில் வாங்கவில்லை, அவ்வளவுதான்.

ஒரு நாள் மருமகள் மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். "கண்ணாடி இல்லாம பிள்ளை என்னத்தைப் பார்க்கும், கொண்டுபோய்க் கொடுத்துட்டு வாங்க" என்று மனைவி அனுப்பினார். வாசல் காவலாளி பழைய சுரங்கத்துக்காரர். விசிறிக்காரரைப் பார்த்ததும் வெளியாள் வரக்கூடாது என்ற விதியை மறந்தார். நலம் விசாரித்து, "உள்ளேதான் இருக்கும் உங்க மருமக, போங்க" என்று கதவையும் திறந்துவிட்டார்.

உள்ளே யாரும் இல்லை. மருமகள் அடுத்த கட்டடத்தில் ஆய்வகத் தலைவியம்மாவோடு பேசப் போயிருந்தாள். ஆனால் அறையில் நாற்றம் இருந்தது. அழுகிய முட்டை நாற்றம்.

அது பாட்டில்களில் காற்றின் மிச்சசொச்சத்தை உறிஞ்சுவதற்காக அவள் சற்று முன் சேர்த்த மருந்தின் வாடை. அவளுக்கு அது பழகிப்போய் மூக்கில் ஏறுவதே இல்லை. விசிறிக்காரருக்கோ அந்த நாற்றம் என்றால் விஷவாயு, ஓடு என்று பொருள். மணமே இல்லாத வாயுவுக்குப் பயந்து வாழ்ந்த மனுஷன், இது நாற்றத்தோடு வேறு வந்து நிற்கிறது. ஜன்னல்களைப் பார்த்தார். அத்தனையும் சாத்தியிருந்தன! ஒவ்வொன்றாகத் திறந்தார். சுவரிலிருந்த விசிறியைப் போட்டார். பிறகுதான் அந்தக் கண்ணாடிப் பெட்டி கண்ணில் பட்டது. உள்ளே அடைத்துவைத்த வாயுவின் அழுத்தத்தில் இரண்டு கையுறைகளும் உப்பி, உள்ளே மாட்டிக்கொண்ட யாரோ கையை நீட்டுவதுபோல வெளியே துருத்திக்கொண்டிருந்தன.

அவர் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் இந்தக் கதையே இல்லை. தங்கின வாயுவுக்கு வழி விடு, காற்றைக் கொடு என்று கை தானாகப் போனது. பெட்டியின் தாழ்ப்பாளை நீக்கிக் கதவைத் திறந்தார். உள்ளே இருந்த பெரிய பாட்டில்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று பட்டது. அதன் மூடியைத் திருகி எடுத்தார். உஸ்ஸென்று சத்தம் வந்தது. பார்த்தாயா, நான் நினைத்தது சரி என்று தலையை ஆட்டிக்கொண்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்து, பாட்டிலின் வாய்க்கு நேராக விசிறு விசிறென்று விசிறினார். பழைய வேலை திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது. உள்ளபடி சொன்னால், சுரங்கம் மூடியதிலிருந்து அவ்வளவு நிறைவாக அவர் எதையுமே செய்ததில்லை.

மருமகள் வாசலில் வந்து நின்றாள்.

"வந்துட்டியாம்மா! பயப்படாதே. எல்லாத்தையும் வெளியேத்திட்டேன்."

அவள் பாட்டிலைப் பார்த்தாள். கொஞ்ச நேரத்துக்கு முன்வரை நிறமில்லாமல் இருந்த தண்ணீர் ரோஜா நிறத்துக்கு மாறியிருந்தது. காற்று பட்டால் நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும் சாயம் ஒன்றை அதில் கலந்திருந்தார்கள். அது தன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தது.

"மாமா," என்றாள், "துண்டைக் கீழே போடுங்க."

அந்தக் குரலை அவர் அதற்கு முன் கேட்டதில்லை. துண்டு கீழே விழுந்தது. அவள் ஓடிவந்து பாட்டிலை மூடினாள், குழாயைச் செருகிக் கரியமில வாயுவை உள்ளே விட்டு, புகுந்த காற்றை வெளியே தள்ளினாள். பெட்டியைச் சாத்தி அதிலிருந்த காற்றையும் துடைத்தெடுத்த மாதிரி வெளியேற்றி வேறு வாயுவால் நிரப்பினாள். எல்லாம் முடிந்தபின் நாற்காலியில் உட்கார்ந்து, அவர் செய்தது என்ன என்று சொன்னாள். இந்த முறை ஒரு வார்த்தை விடாமல் அவர் கேட்டார்.

"எல்லாம் செத்துப்போச்சாம்மா?"

"தெரியலை மாமா. எனக்கு உங்க மேல ரொம்பக் கோபம் வருது. ஆனா இப்ப அதுக்கு நேரமில்லை."

தலைவியம்மா வந்தபோது மருமகள், "பெட்டி திறந்துடுச்சு மேடம்" என்று ஆரம்பித்தாள். விசிறிக்காரர் முன்னால் வந்து, "அதுவா திறக்கலை. நான்தான் திறந்தேன். விசிறியும் விட்டேன்" என்றார். தலைவியம்மா பாட்டிலையும், கீழே கிடந்த துண்டையும், விரியத் திறந்த ஜன்னல்களையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டுவதற்கு எங்கிருந்து தொடங்குவது என்றே அவருக்குப் பிடிபடவில்லை.

"நிறம் போகுதான்னு பாருங்க. போகலைன்னா குழுவை வர வேண்டாம்னு சொல்லிடுறேன்" என்றார் மருமகளிடம். அவ்வளவுதான்.

அன்று வீட்டில் ஒரு ஜன்னலும் திறக்கவில்லை. "என்னங்க, புழுங்குதே, திறக்கக் கூடாதா?" என்று மனைவியே கேட்டார். "சாத்தியே இருக்கட்டும்" என்றார் விசிறிக்காரர். மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், ஜுரம் இல்லை. விஷயம் தெரிந்தபின், "அந்தப் பொந்துதானே உங்களுக்கு இன்னும் தெரியுது?" என்று மட்டும் கேட்டார். அவர் ஆமாம் என்றார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அதைப் பற்றி அவர்கள் பேசியது அதுதான். பேசியதில் இருவருக்கும் கொஞ்சம் இலேசாக இருந்தது.

காலையில் மருமகள் செருப்பை மாட்டிக்கொண்டே, "நீங்களும் வாங்க மாமா" என்றாள்.

"நானா? நான் எதுக்கும்மா? இன்னும் எதைத் திறக்கணும்?"

"எதையும் திறக்க வேண்டாம். உட்கார்ந்து பாருங்க. எனக்கு வேற வேலை நிறைய இருக்கு. அதோட, நீங்க இங்கே இப்படி இருந்தா அத்தைக்குப் புழுக்கத்துல மயக்கம் வந்துடும்."

அப்படித்தான் விசிறிக்காரர் தாய்ப்பாட்டிலுக்கு எதிரே ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். பெட்டி பக்கத்தில் மூச்சு விடவே பயம். எட்ட இருந்தே பார்த்தார். தண்ணீர் ரோஜா நிறத்தில் அழகாக வேறு இருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல்.

"உள்ளே இருக்கிற எல்லாருக்கும் காத்து ஆகாதுன்னு இல்ல மாமா" என்றாள் மருமகள். "சிலதுங்க காத்து வந்தா அதையும் தின்னுடும். நிலக்கரியைக் கொறிக்கிற பக்கத்துல அப்படிக் கொஞ்சம் இருக்கு. அதுங்க காத்தை முழுக்கத் தின்னு தீர்த்தா நிறம் போயிடும். அதுவரைக்கும் மத்ததுங்க தாக்குப் பிடிக்கணும். நிலக்கரித் துண்டுல வெடிப்பு நிறைய இருக்கு. அதுக்குள்ளே பதுங்கியிருந்தா பிழைச்சிருக்கும்."

இது விசிறிக்காரருக்கு நன்றாகப் புரிந்தது. கீழே ஏதாவது நடந்தால் வழியில் சிலர் நின்று தடுப்பார்கள், மற்றவர்கள் பாதுகாப்பான அறைக்குள் ஒதுங்கியிருப்பார்கள். மேலே இருக்கிறவன் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அதில் அவருக்கு நல்ல பழக்கம்.

மதியச் சாப்பாட்டுக்கும் எழுந்திருக்கவில்லை. வெயில் ஜன்னலைத் தாண்டிப் போனபோது, அடியில் கிடந்த நிலக்கரித் துண்டுகளைச் சுற்றி நிறம் வெளுத்த மாதிரி தோன்றியது. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். தன் ஆசைதான் அப்படிக் காட்டுகிறது என்று நினைத்துச் சும்மா இருந்தார். வெளுப்பு கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறியது. மாலையில் கழுத்தருகே ஒரு மெல்லிய ரோஜா வளையம்தான் மிச்சம். பிறகு அதுவும் இல்லை.

"அம்மாடி!" என்று அவர் போட்ட சத்தத்தில் காவலாளிகூட எழுந்து ஓடிவந்தார். மருமகள் பெட்டிக்கு முன்னால் வந்து குனிந்து பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். பிறகு நாற்காலியின் கையில் உட்கார்ந்து, மாமனாரின் தோளில் தலையைச் சாய்த்துக் கொஞ்சம் அழுதாள். அவருக்கு என்ன செய்வதென்று தெரியாமல் அவள் தலையைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

ஆனால் அது பாதிக் கிணறுதான். காற்று போய்விட்டது, சரி. உள்ளே மீத்தேன் விடுகிறவர்கள் உயிரோடு இருக்கிறார்களா? ஊசியால் பாட்டிலிலிருந்து துளி வாயு எடுத்து ஒரு கருவிக்குள் செலுத்துவாள். திரையில் ஒரு கோடு ஓடும். ஒவ்வொரு வாயுவுக்கும் அதில் ஓர் இடம், அந்த இடம் வரும்போது கோடு மேடாக எழும்ப வேண்டும். மீத்தேனுக்கு உரிய இடத்தில் கோடு படுத்துக் கிடந்தது. மறுநாளும் படுத்துக் கிடந்தது. அதற்கு மறுநாளும். விசிறிக்காரர் தினமும் மருமகளோடு போய் வந்தார். காவலாளிக்கு இப்போது விதி ஞாபகம் வந்துவிட்டது, தலைவியம்மா எழுதிக் கொடுத்த அனுமதிச் சீட்டைக் காட்டினால்தான் விட்டார். ஆய்வகக் கதவில் யாரோ ஒரு காகிதம் ஒட்டியிருந்தார்கள்: ஜன்னல் திறக்க ஆசைப்படுகிறவர்கள் வெளியிலேயே திறந்துகொள்ளவும். விசிறிக்காரர் அதைப் படித்துவிட்டு, நியாயம்தான் என்றார்.

வாரம் திரும்பிய பிறகு ஒரு நாள் கோடு அந்த இடத்தில் லேசாகத் தடுமாறியது. தடுக்கி விழப்போகிறவன் சமாளித்துக்கொண்ட மாதிரி ஒரு சின்ன மேடு. மருமகள் பாட்டிலுக்கு இன்னும் கொஞ்சம் கரியமில வாயு கொடுத்தாள். அடுத்த முறை மேடு பெரிதாயிற்று. அதற்கடுத்த முறை, திரையில் ஒரு குன்று நின்றது.

"மீத்தேன்தானே?" என்றார் அவர். அந்தச் சொல்லை அவர் வாழ்நாளில் சந்தோஷமாகச் சொன்னது அன்றுதான்.

"மீத்தேன்தான் மாமா. முன்னே விட்ட அளவுக்கு வந்துடுச்சு. வெடிப்புக்குள்ளே இருந்திருக்கு. எல்லாம் வெளியே வந்துடுச்சு."

தலைவியம்மா வந்து பார்த்தார். முதல் வேலையாகத் தாயிலிருந்து பிரித்து வேறொரு கட்டடத்திலும் வைக்கச் சொன்னார், இனி எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைப்பதில்லை என்று. குழுவை வரச் சொல்லலாம் என்றார். போகும்போது விசிறிக்காரர் பக்கம் திரும்பி, "அவங்க வர்ற அன்னிக்கு மட்டும் நீங்க வீட்டுல இருங்க" என்றார். அவர் சிரித்துவிட்டார், தலைவியம்மாவும் சிரித்துவிட்டார்.

இருவரும் நடந்தே வீட்டுக்கு வந்தார்கள். மூடிக்கிடக்கும் சுரங்க வாயைத் தாண்டும்போது விசிறிக்காரர் ஒரு நிமிஷம் நின்றார். அந்த இரும்பு விசிறியில் பறவைகள் கூடு கட்டியிருந்தன. மருமகள் அவசரப்படுத்தாமல் நின்றாள். கீழே யாரும் இல்லை, இனி யாரும் இறங்க வேண்டியதும் இல்லை. அந்த நினைப்பே அவருக்கு நெஞ்சில் இருந்த கல்லை எடுத்து ஓரமாக வைத்தது.

வீட்டு வாசலுக்கு வந்ததும் அவர் செருப்பைக் கழற்றவில்லை. உள்ளேயும் போகவில்லை. மருமகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், அவர் கையைக் காட்டி நிறுத்தினார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எல்லாரும் மேலே வந்தாச்சு."

உள்ளே பாத்திரங்களின் சத்தம் நின்றது. அந்த அம்மாள் அந்த வார்த்தையைக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று. சுரங்கம் மூடிய நாளோடு அதுவும் மூடிவிட்டது என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

"அப்ப கை கழுவிட்டு வாங்க" என்று பதில் வந்தது.

அவர் கை கழுவப் போனார். அந்த அம்மாள் புடவைத் தலைப்பில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மூன்று தட்டுகளை எடுத்து வைத்தார். பிறகு போய் ஜன்னல்கள் எல்லாவற்றையும் தன் கையாலேயே திறந்தார்.